ஒரு தேதியில் ஐவர்

ஆண்டுதோறும் ஜூன் மாதக் கடைசி வாரத்தில், அம்பத்தூரிலிருந்து ஆவடி, பூந்தமல்லி வரை பரந்து கிடக்கும் நம் புறநகர்களில் எங்கேனும் ஓரிடத்தில் கண்ணதாசன் விழா நடந்துவிடுகிறது. கல்யாண மண்டபமோ, நூலகத்து மாடியோ, குடியிருப்போர் நலச்சங்கக் கட்டடமோ, இடம் எதுவாயினும் நிகழ்ச்சியின் போக்கு ஏறத்தாழ ஒன்றே. முதலில் கவிஞரின் தத்துவம் பற்றிச் சொற்பொழிவு. பிறகு மெல்லிசைக் குழுவினரின் பாட்டு. நடுவே யாரேனும் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து, கண்ணதாசன் பிறந்தது 1927 ஜூன் 24, எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்தது 1928 ஜூன் 24 என்று நினைவூட்டுவார். செட்டிநாட்டுச் சிறுகூடல்பட்டியில் பிறந்தவரையும் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தவரையும் ஒரே தேதியில் முடிந்து வைத்தது இறைவன் செயலன்றி வேறென்ன என்று கேட்பார். அரங்கம் கைதட்டும்.

அந்தக் கைதட்டலின் மீதுதான் எங்களுக்கு ஒரு மனத்தாங்கல். விதி என்று சொல்லிவிட்டால் உழைப்பைப் பற்றிப் பேசவேண்டிய தேவை நீங்கிவிடுகிறது. ஒரு சொல் எப்படி ஒரு சுரத்தின்மேல் போய் அமர்ந்தது, எந்த இடத்தில் மெட்டு சொல்லுக்காக வளைந்தது, எங்கே சொல் மெட்டுக்காகத் தன்னைச் சுருக்கிக்கொண்டது என்ற கேள்விகள் எழாமலே விழா முடிந்துவிடுகிறது.

தேதிப் பொருத்தம் அப்படியொன்றும் அரிதன்று. இருபத்து மூன்று பேர் கூடிய ஓர் அறையில் யாரேனும் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமைவதற்கான வாய்ப்பு பாதிக்குமேல் என்பது நிகழ்தகவுக் கணக்கின் பாலபாடம். ஆண்டுக்கு இருப்பதோ 366 தேதிகள். உலகில் பாடியவரும் வாசித்தவரும் எண்ணிறந்தோர். மதுரையில் 1916 செப்டம்பர் 16 அன்று எம்.எஸ்.சுப்புலட்சுமி பிறந்தார். மிசிசிப்பியின் பருத்தித் தோட்டம் ஒன்றில் 1925ஆம் ஆண்டின் அதே தேதியில் ப்ளூஸ் கலைஞர் பி.பி.கிங் பிறந்தார். ரவிசங்கரும் பில்லி ஹாலிடேயும் ஏப்ரல் 7க்கு உரியவர்கள். ஏ.ஆர்.ரகுமானின் ஜனவரி 6, அமெரிக்கக் கிராமிய இசையில் பாஞ்சோவைக் கையாளும் முறையையே மாற்றிய ஏர்ல் ஸ்க்ரக்ஸுக்கும் உரியது. தேதியைத் தேடிக்கொண்டு போனால் இப்படி எத்தனையோ கிடைக்கும்.

போதாக்குறைக்கு, நம் வழக்கில் பிறந்தநாள் என்பது மாதமும் நட்சத்திரமும் சேர்ந்தது. ஆங்கிலத் தேதி பள்ளிக்கூடத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியர் உத்தேசமாக எழுதிப்போட்ட தேதியோடு பணி ஓய்வும் பெற்ற முதியோர் நம் வட்டாரத்துத் தொழிற்சாலைக் குடியிருப்புகளில் தெருவுக்கு நால்வர் உண்டு. ஆகவே தேதிக்குள் எந்த மந்திரமும் இல்லை என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

ஆயினும் மந்திரம் இல்லாததாலேயே தேதிக்கு ஒரு பயன் இருக்கிறது. அகராதியில் அரசனும் அரசமரமும் அருகருகே நிற்பதற்கு எழுத்து வரிசையைத் தவிர வேறு காரணமில்லை. அங்கே உயர்ந்தது தாழ்ந்தது என்ற பாகுபாடும் இல்லை. நம்முடைய இசை ரசனையோ முழுக்க முழுக்கப் பந்தி வரிசையால் ஆனது. மயிலாப்பூர் சபாக்களுக்கு ஒரு பந்தி, இந்துஸ்தானிக்கு ஒன்று, மேலை நாட்டுச் சோதனை இசைக்கு ஒன்று, ராக் இசைக்கு ஒன்று, எல்லாம் எழுந்துபோன பிறகு திரைப்பாட்டுக்கு இலை. சிறுபத்திரிகை வாசகர்களாகிய நாமும் இதில் விதிவிலக்கல்லர். தேதி என்னும் அர்த்தமற்ற வரிசை ஒன்றுதான் இவர்களையெல்லாம் ஒரே பலகையில் உட்காரவைக்கிறது.

ஜூன் 24 என்னும் அந்தப் பலகையில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள்? முதலில், 1897இல் குஜராத்தின் கம்பாத் அருகே ஜஹாஜ் என்னும் சிற்றூரில் பிறந்த பண்டித ஓங்கார்நாத் தாகூர்; விஷ்ணு திகம்பர் பலுஸ்கரின் மாணவர். அடுத்து, 1901இல் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் பிறந்த ஹாரி பார்ட்ச். எண்சுரத்தின் பரப்பைப் பன்னிரண்டாகப் பிரிக்கும் மேலை முறையை ஏற்காமல் நாற்பத்து மூன்றாகப் பிரித்தவர். பிறகு கண்ணதாசன், விஸ்வநாதன். இறுதியாக, 1944இல் லண்டனின் தெற்குப் புறநகரான வாலிங்டனில் பிறந்த ராக் கித்தார் கலைஞர் ஜெஃப் பெக். ஐவரும் இன்று இல்லை. கடைசியாகப் பெக் 2023 ஜனவரி 10 அன்று மறைந்தார். இவர்களில் கண்ணதாசனும் விஸ்வநாதனும் தவிர வேறெவரும் ஒருவரோடொருவர் சேர்ந்து உழைத்தவர்கள் அல்லர்.

எந்தத் தொடர்பும் இல்லாத இந்த ஐவரைப் பிறந்த ஆண்டு வரிசையில் வைத்துக் கேட்டுப் பார்த்தபோது ஒரே கேள்வி ஐந்து பேரிடமும் ஒலிப்பதாக எங்களுக்குப் பட்டது. மனிதன் பேசும் பேச்சுக்கும் பாடும் பாட்டுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு? அதைக் கடப்பது எப்படி? இது தேதியின் மகிமையன்று. வேறு ஐவரை எடுத்தால் வேறு கேள்வி கிடைக்கக்கூடும். ஆனால் இந்தக் கேள்வி தமிழ் வாசகனுக்கு மிக நெருக்கமானது என்பதால் இதைத் தொடர்ந்து செல்கிறோம்.

ஓங்கார்நாத் தாகூரின் இளமை வறுமையில் கழிந்தது. பரூச் நகரில் ஆலைத் தொழிலாளியாகவும் வீட்டு வேலைக்காரனாகவும் இருந்தார். ராமலீலாக் குழுவில் நடித்தார். பின்னாளில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரியைத் தலைமையேற்று நடத்தினார். 1947 ஆகஸ்ட் 15 காலையில் அகில இந்திய வானொலியில் வந்தே மாதரம் பாடிய குரல் அவருடையது. அவர் வற்புறுத்திச் சொல்லிவந்த கோட்பாடு 'காகு'. ஒரே சொல்லைக் குரலின் ஏற்ற இறக்கத்தாலும் அழுத்தத்தாலும் வெவ்வேறு பொருள்படச் சொல்வது என்று சுருக்கமாக விளக்கலாம். வெண்ணெயைத் தான் தின்னவில்லை என்று கண்ணன் தாயிடம் சாதிக்கும் சூர்தாசர் பாடலை அவர் பாடிய ஒலிப்பதிவு உண்டு. அதில் ஒரே மறுப்பு கெஞ்சலாகிறது, பொய்க்கோபமாகிறது, விசும்பலாகிறது. ராகம் அங்கே ஒரு பிள்ளையின் பேச்சாக உருமாறுகிறது. இது நாடகத்தனம், செவ்வியல் இசைக்கு ஆகாது என்று முகம் சுளித்தவர்களும் அவர் காலத்திலேயே இருந்தார்கள்.

ஹாரி பார்ட்ச் தேடியதும் பேச்சைத்தான். பேசும்போது குரல் தொடும் நுண்ணிய நிலைகள் பியானோவின் கட்டைகளுக்குள் அடங்குவதில்லை என்பது அவர் கண்டது. அதுவரை தாம் எழுதிய இசைப்படிகளை 1930 வாக்கில் அடுப்பிலிட்டு எரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். சீனக் கவிஞர் லி போவின் கவிதைகளைத் தாமே மாற்றியமைத்த வயோலாவுடன் ஓதுவதுபோலப் பாடினார். 1934இல் டப்ளின் சென்று கவிஞர் யேட்ஸைச் சந்தித்து, அவர் மொழிபெயர்த்த ஈடிபஸ் நாடகத்துக்கு இசையமைப்பது பற்றிப் பேசினார். நாடு திரும்பியபோது பொருளாதாரப் பெருமந்தம். சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராக அலையும் வாழ்க்கை வாய்த்தது. பார்ஸ்டோ என்ற ஊரின் நெடுஞ்சாலைக் கம்பித் தடுப்பில், வண்டிக்குக் காத்துக்கிடந்த வழிப்போக்கர்கள் கிறுக்கிவைத்திருந்த எட்டு வாசகங்களை எடுத்து 1941இல் அவர் ஒரு படைப்பாக்கினார். அதற்கும் பெயர் 'பார்ஸ்டோ'. வேலை தேடி அலைகிறவன் சுவரில் எழுதிய வாசகத்திலும் ஒரு சுரம் உண்டு என்று காதுகொடுத்தவர் அவர்.

தம் இசைக்கு வேண்டிய கருவிகள் கடையில் கிடைக்காததால் பார்ட்ச் அவற்றைத் தாமே செய்தார். பெர்க்லி ஆய்வுக்கூடம் கழித்துப்போட்ட பெரிய கண்ணாடிக் குடுவைகளை அறுத்துத் தொங்கவிட்டு ஒரு கருவி. பீரங்கிக் குண்டுகளின் பித்தளை உறைகளைச் சேர்த்து இன்னொரு கருவி. அதற்கு 'போரின் கொள்ளைப் பொருள்கள்' என்ற பொருள்படும் பெயரைச் சூட்டினார். ஆவடியில் 1960களிலிருந்து பீரங்கி வண்டி செய்துவரும் நம் மக்களும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைக்காரர்களும் அமெரிக்க இசையறிஞர்கள் பலரைவிட விரைவாக இந்த மனிதரைப் புரிந்துகொள்வார்கள் என்று எண்ணுகிறோம். அவர்களிடம் அவரை யாரும் இதுவரை அறிமுகப்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

ஜெஃப் பெக்கின் வழி நேர்மாறானது. அவர் பேச்சையே நீக்கிவிட்டார். 1975இல் வெளிவந்த 'ப்ளோ பை ப்ளோ' இசைத்தட்டில் பாடகர் என்று ஒருவர் இல்லை. பின்னாளில் கித்தாரை மீட்டும் வில்லையையும் கைவிட்டு, வெறும் விரல்களாலும் கருவியின் அதிர்வுக் கம்பியாலும் சுரங்களை நெளியவைத்தார். லண்டன்வாழ் இந்திய வமிசாவளி இசையமைப்பாளர் நிதின் சாஹ்னியின் 1999ஆம் ஆண்டு இசைத்தட்டில் ஸ்வாதி நடேகர் பாடிய 'நாதியா' என்ற பாடலைப் பெக் தம் கித்தாரில் வாசித்திருக்கிறார். கமகங்களையும் குழைவுகளையும் மூச்சுவிடும் இடங்களையும் அவர் விரல் தேடிப் பிடிப்பதைக் கேட்டால், சொல் போய்விட்டபின்பும் சொல்வது எஞ்சி நிற்பதை உணரலாம். நாதசுரத்தில் சாகித்தியத்தைக் கேட்டுப் பழகிய நமக்கு இதில் வியப்பு இருக்கவேண்டியதில்லை. ஓய்வு நேரங்களில் பழைய கார்களைப் பிரித்துக் கோக்கும் எண்ணெய் படிந்த கைகள் அவை என்பதும் நம் வட்டாரத்துக்கு அந்நியமான செய்தியன்று.

இனி நம்மவர் இருவர். விஸ்வநாதன் நான்கு வயதில் தந்தையை இழந்தவர். பின்னாளில் ஜூபிடர் நிறுவனத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் நிழலில் வளர்ந்தார். சி.ஆர்.சுப்பராமன் 1952இல் மறைந்தபின் டி.கே.ராமமூர்த்தியோடு இணைந்து தனியே இசையமைக்கத் தொடங்கினார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய கண்ணதாசன் 1949இல் வெளிவந்த 'கன்னியின் காதலி' மூலம் திரைக்கு வந்தவர். இவர்கள் சேர்ந்து உழைத்த முறை எல்லோரும் அறிந்தது. சில பாடல்களுக்குக் கவிஞர் முதலில் எழுதுவார், அதற்கு மெட்டு அமையும். பல பாடல்களுக்கு மெட்டு முதலில் பிறக்கும். இசையமைப்பாளர் தத்தகாரம் சொல்ல, அந்த வெற்றொலியின் அளவுக்கு அட்சரம் பிசகாமல் சொல் வந்து விழவேண்டும். விழுந்த சொல் தமிழனின் அன்றாடப் பேச்சாகவும் இருக்கவேண்டும்.

இங்கேதான் இலக்கியவாதிகளின் பழைய குற்றச்சாட்டு எழுகிறது. மெட்டுக்கு எழுதுவது செருப்புக்குக் காலை வெட்டும் வேலை, அது கவிதையாகாது என்பர். இந்தக் குற்றச்சாட்டுக்கு நம் வட்டாரமே மறுமொழி வைத்திருக்கிறது. பூந்தமல்லிக்கு அருகிலுள்ள திருமழிசையில் அவதரித்த ஆழ்வார் பாடியது 'திருச்சந்த விருத்தம்'. சந்தம் என்ற சொல்லைத் தலைப்பிலேயே தாங்கிய நூல். 120 பாடல்கள், ஓசையின் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே புறநகர் ரயில் நிற்கும் திருமுல்லைவாயிலில் சுந்தரர் பாடிய பதிகம் தக்கேசிப் பண்ணில் அமைந்தது. ஓசையின் கட்டளை முன்னே நிற்க, சொல் அதற்குள் புகுந்து உயிர்பெறுவது நம் கவிதை மரபின் நடுத்தெரு, சந்துபொந்து அல்ல. அருணகிரிநாதரின் தத்தன தனதனவைக் கொண்டாடிவிட்டு, விஸ்வநாதனின் தத்தகாரத்துக்குக் கண்ணதாசன் எழுதியதை மட்டும் கூலி வேலை என்று தள்ளுவதில் என்ன நியாயம் இருக்கமுடியும்?

எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. மனோன்மணீயம் சுந்தரனாரின் வாழ்த்துப்பாடல் 1891இல் அச்சான நாடகத்தில் உறங்கிக் கிடந்த எழுத்து. 1970இல் தமிழக அரசு அதைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக அறிவித்தபோது மோகன ராகத்தில் அதற்கு மெட்டமைத்தவர் விஸ்வநாதன். 2021இல் அது மாநிலப் பாடலாகவும் ஆயிற்று. திரையிசையே வீட்டுக்குள் நுழையக்கூடாது என்று சொல்லும் தகப்பனின் குழந்தைகூடக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவர் மெட்டைத்தான் பாடுகிறது. ஓங்கார்நாத்தின் வந்தே மாதரமும் விஸ்வநாதனின் தமிழ்த்தாய் வாழ்த்தும் ஒரே வகைப் பணி: அச்சில் இருந்த சொல்லைக் கூட்டத்தின் நாவுக்குக் கொண்டுவருவது.

சுருக்கத்தின் திறத்துக்கு இன்னொன்று. 1975இல் வந்த 'அபூர்வ ராகங்கள்' படத்தில் கண்ணதாசன் எழுதி யேசுதாஸ் பாடிய பாடல் ஒன்று மகதி ராகத்தில் அமைந்தது. பாலமுரளிகிருஷ்ணா ஆக்கிய அந்த ராகத்துக்கு நான்கே சுரங்கள். பார்ட்சுக்கு நாற்பத்து மூன்று போதவில்லை. இங்கே நான்கில் ஒரு முழுக் காதலின் வியப்பு சொல்லப்பட்டுவிட்டது. இரண்டும் வெவ்வேறு வெற்றிகள். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளக்கத் தேவையில்லை.

அப்படியானால் எல்லாம் ஒன்றுதானா, தரம் என்று ஒன்று கிடையாதா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நாங்கள் சொல்வது அதுவன்று. ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் விரித்துக்காட்டும் கலைஞனுக்கும், காட்சியின் தேவை, நாயகனின் முகம், தயாரிப்பாளரின் அவசரம் ஆகிய மூன்றுக்கும் ஈடுகொடுத்து மூன்றரை நிமிடத்தில் முடித்தாகவேண்டிய கலைஞனுக்கும் பணி வேறு. திரையிசையில் குப்பை மிகுதி என்பதும் உண்மை; கண்ணதாசன் பெயரிலும் சலிப்பூட்டும் பாடல்கள் பல உண்டு. தரம் பார்ப்பது கட்டாயம் வேண்டும். ஆனால் கேட்டபின்பு பார்க்கவேண்டும். எந்தப் பந்தியிலிருந்து வந்தது என்று விசாரித்துவிட்டுக் கேட்காமலே தீர்ப்பெழுதுவதை ரசனை என்று சொல்ல எங்களால் இயலவில்லை.

இந்தக் கேளாமைக்கு நிறுவனங்களிலும் தடயம் இருக்கிறது. ஓங்கார்நாத்துக்கு 1955இல் பத்மஸ்ரீ வந்தது, தகுதியான மரியாதை. விஸ்வநாதன் 2015 ஜூலை 14 அன்று மறையும்வரை அவருக்குப் பத்ம விருது எதுவும் வரவில்லை. மாநில அரசு 2012இல் 'திரையிசைச் சக்கரவர்த்தி' என்று பட்டமளித்ததோடு சரி. கண்ணதாசனுக்கு 1980இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 'சேரமான் காதலி' என்ற புதினத்துக்காக. லட்சக்கணக்கானோர் மனப்பாடமாகச் சொல்லும் பாடல்களை எழுதியவரை, அவர்களில் மிகச்சிலரே படித்த ஒரு நாவலின் வாசல் வழியாக இலக்கியத்துக்குள் அழைத்துக்கொண்டார்கள். அகாதெமியின் விதிகள் எவ்வாறாயினும், பாட்டு இலக்கியமாகாது என்று தமிழ் வாசகர்களாகிய நாமும் ஒப்புக்கொண்டிருந்ததால்தான் அது அப்போது யாருக்கும் உறுத்தவில்லை.

ஆகவே எங்கள் வேண்டுகோள் எளியது. அடுத்த ஜூன் 24 அன்று நம் புறநகரில் விழா எடுப்போர் சொற்பொழிவை இருபது நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளட்டும். மீதி நேரத்தில் ஐவரையும் பிறந்த ஆண்டு வரிசைப்படி, ஒருவருக்கு ஒரு பதிவு என்ற கணக்கில், நல்ல ஒலிபெருக்கியில் கேட்போம். ஓங்கார்நாத்தின் கண்ணன், பார்ட்சின் வழிப்போக்கர்கள், தத்தகாரத்துக்கு எழுதப்பட்ட ஒரு கண்ணதாசன் பாடல், எழுதிய சொல்லுக்கு மெட்டமைத்த ஒரு விஸ்வநாதன் பாடல், பெக்கின் சொல்லில்லாத பாட்டு. ஒவ்வொன்றுக்கும் பிறகு ஐந்து நிமிடம் அமைதியாகவோ விவாதித்தோ கழிக்கலாம். டிசம்பர் மாதத்து மயிலாப்பூருக்கு ரயிலேறிப் போவதற்கு ஆகும் நேரத்தில் இது முடிந்துவிடும், நுழைவுச்சீட்டும் வேண்டாம்.

மெல்லிசைக் குழு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பகலில் தொழிற்பேட்டையில் உழைத்துவிட்டு மாலையில் கீபோர்டும் தபலாவும் வாசிக்கும் அந்தக் கலைஞர்களையே முன்வரிசையில் அமர்த்துவோம். எந்தச் சொல்லில் மெட்டு வளைகிறது என்று அவர்கள் கைவிரலுக்குத் தெரியும். மேடையில் தத்துவம் பேசுகிறவர்களை விட்டுவிட்டு, அன்று ஒருநாள் அவர்களைப் பேசச்சொல்லிக் கேட்போம்.